சூட்கேசுக்கு எழுதிய சட்டமும் ஐந்து மீட்டர்க் கழியும்

விமான நிறுவனங்களின் லக்கேஜ் விதிகளைப் புரட்டினால் ஓர் எண் திரும்பத் திரும்ப வரும்: 158 சென்டிமீட்டர். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் இதற்குள் அடங்க வேண்டும் என்பது உலகில் பரவலாகப் புழங்கும் வரம்பு. எடைக்கு 23 கிலோ என்பது வழக்கம். கூடுதல் கட்டணம் கட்டினாலும், ஒரே உருப்படி 32 கிலோவைத் தாண்டுவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. தூக்கி வைப்பவரின் முதுகெலும்பை மனத்தில் வைத்துப் போட்ட வரம்பு அது, நியாயமானதுதான். ஆனால் இந்த எண்களை வகுத்தவர்கள் கண்முன் இருந்தது சூட்கேஸ். கோல்ஃப் மட்டைப் பையும், அலைச்சறுக்குப் பலகையும், பந்தய சைக்கிளும், கோலூன்றித் தாண்டும் கழியும் அந்தக் கணக்கில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. ஒட்டிய இடம் இன்றுவரை சரியாகப் பொருந்தவில்லை. பணமும் உழைப்பும், சில நேரம் ஒரு வீரரின் முழுப் பருவமும் அங்கேதான் வீணாகின்றன. கட்டணம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். உடைந்தால் யார் சுமப்பது என்பதுதான் இதில் பெரிய கேள்வி என்று நான் கருதுகிறேன். இதுவரை சுமந்து வருபவர் பயணி.

கோல்ஃபை முதலில் எடுத்துக்கொள்வோம். டிரைவர் என்று சொல்லப்படும் நீண்ட மட்டை ஏறத்தாழ 45 அங்குலம், அதாவது 114 சென்டிமீட்டர். அதைப் பையில் செருகி மேலே உறை போட்டால் நீளம் 125, 130 என்று போகும். அகலத்தையும் ஆழத்தையும் கூட்டினால் 158 தாண்டிவிடும். அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தால் உலகின் எந்த கோல்ஃப் பையும் தேறாது. ஆனாலும் பல நிறுவனங்கள் எடை சரியாக இருந்தால் கோல்ஃப் பையைச் சாதாரணப் பெட்டியாகவே கணக்கில் வைத்துக்கொள்கின்றன. பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் இதே சலுகை. சறுக்குக் கட்டைப் பையையும் காலணிப் பையையும் சேர்த்து ஒரே உருப்படியாக எண்ணும் நிறுவனங்கள் உண்டு. அலைச்சறுக்குப் பலகை என்று வரும்போதுதான் அளவு நாடா வெளியே வருகிறது. ஆறடிப் பலகை எடையில் கோல்ஃப் பையில் கால் பங்குகூட இருக்காது. கோல்ஃப் ஆடுபவரும் பனிச்சறுக்குக்குப் போகிறவரும் விலை உயர்ந்த டிக்கெட் வாங்கும் வாடிக்கையாளர்கள். பலகையோடு வருகிற இளைஞர் அப்படியல்ல. இந்த வேறுபாட்டுக்கு விமானத்தின் வயிற்றில் காரணம் தேடிப் பயனில்லை.

கட்டணம் இயற்கை விதி அல்ல என்பதற்கு அமெரிக்காவில் நல்ல சான்று கிடைத்தது. 2018-ல் கலிஃபோர்னியா மாநிலம் அலைச்சறுக்கைத் தன் அதிகாரப்பூர்வ விளையாட்டாகச் சட்டமாக்கியது. அதை ஒட்டி யுனைடெட் நிறுவனம் அந்த மாநிலத்துக்கு வந்து போகும் பயணங்களில் பலகைக்கான தனிக் கட்டணத்தை நீக்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்கன் நிறுவனம் பெரிய விளையாட்டுக் கருவிகளுக்கும் இசைக் கருவிகளுக்கும் வாங்கிவந்த 150 டாலர் கூடுதல் கட்டணத்தைக் கைவிட்டு, எடை வரம்புக்குள் இருந்தால் சாதாரணப் பெட்டிக் கட்டணம் போதும் என்றது. விமானம் மாறவில்லை, சரக்கறை மாறவில்லை, பலகையும் மாறவில்லை. மாறியது முடிவு மட்டுமே.

ஆனாலும் எல்லாவற்றையும் முடிவால் மாற்றிவிட முடியாது. சரக்கறைக்கு உண்மையிலேயே ஓர் உருவம் இருக்கிறது. பெரிய விமானங்களில் பெட்டிகள் எல்.டி.3 எனப்படும் அலுமினியக் கொள்கலன்களில் அடைக்கப்பட்டு ஏறுகின்றன. அதன் அடித்தளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், உயரம் 1.6 மீட்டர். கோல்ஃப் பை இதில் சுகமாகப் படுக்கும். ஒன்பதடிப் பலகை படுக்காது. அதைக் கொள்கலனுக்கு வெளியே, தனியாக அடுக்கும் பின்பகுதியில்தான் வைக்க வேண்டும். போயிங் 737 போன்ற சிறிய விமானங்களில் பெட்டிகள் நேரடியாகத் தரையில் அடுக்கப்படுகின்றன. லோடர்கள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில், மண்டியிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறார்கள். நீளமான பொருள் அங்கே போவதும் போகாததும் கதவின் அகலத்தையும் உள்ளே திருப்பக் கிடைக்கும் கோணத்தையும் பொறுத்தது. சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பறந்திருக்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்துக்கு வயிறே கிடையாது. பயணிகள் கூடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சிறிய அறைகளே அதன் சரக்கறை. சைக்கிள் பெட்டி ஒன்றிரண்டு ஏறினாலே அங்கே நெரிசல். ஐந்து மீட்டர்க் கழிக்கு அதில் வழியே இல்லை.

கழியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். கோலூன்றித் தாண்டும் கழியை இரண்டாக மடிக்கவோ கழற்றி மாட்டவோ முடியாது. கண்ணாடி இழையும் கார்பன் இழையும் சேர்த்துச் சுற்றிய ஒரே குழாய் அது; முழு நீளமும் வளைந்து நிமிர்ந்தால்தான் தாண்டுபவரை மேலே எறியும். முன்னணி ஆண் வீரர்களின் கழி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். ஒரு கழியோடு வேலை முடியாது. ஒவ்வொன்றும் இன்ன நீளம், இன்ன எடை தாங்கும் என்று குறிக்கப்பட்டது. குறுக்குக் கம்பி உயர உயர விறைப்பான கழிக்கு மாற வேண்டும். காற்று மாறினாலும் மாற்ற வேண்டும். அதனால் ஒரு வீரர் அரை டஜனுக்கும் மேல் கழிகளைக் கட்டி எடுத்துப் போவது சாதாரணம். போட்டி விதியோ கண்டிப்பானது: தாண்டுபவர் தன் கழியைக் கொண்டு வரலாம், இன்னொருவரின் கழியை அவர் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. சம்மதம் கிடைத்தாலும் அவர் உடல் எடைக்கும் ஓட்டத்துக்கும் அமைந்த கழி நமக்குப் பொருந்துவது அரிது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரேசிலின் ஃபாபியானா முரேர் தன் கழிகளில் ஒன்று காணாமல் போனதால் தடுமாறினார். அது விமானத்தில் தொலையவில்லை, மைதானத்திலேயே தொலைந்தது. ஒரே ஒரு கழி இல்லாமல் போனால் நான்கு ஆண்டு உழைப்பு என்னவாகும் என்பதை உலகம் அன்று நேரில் பார்த்தது.

இந்தக் கதை நமக்கு அந்நியமானதல்ல. இந்தியாவில் கோலூன்றித் தாண்டுதல் பெருமளவு தமிழ்நாட்டின் விளையாட்டு. சென்னையின் வி.எஸ். சுரேகா 2014-ல் 4.15 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். 2022 குஜராத் தேசிய விளையாட்டுப் போட்டியில் அதை 4.20 ஆக உயர்த்திய ரோஸி மீனா பால்ராஜும், அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் 5.31 மீட்டர் தாண்டிய சிவா சுப்பிரமணியமும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களே. இவர்கள் ஊர் ஊராகப் போட்டிக்குப் போகும்போது கழிகளும் போயாக வேண்டும். ரயிலில் பெட்டிக்கு வெளியே ஜன்னல் கம்பிகளில் கட்டிக்கொண்டு போவது இந்த ஆட்டக்காரர்களிடையே பழைய பழக்கம். எங்கோ ஒரு சிக்னல் கம்பத்தில் உரசினால் கழியின் மேல்தோலில் ஒரு கீறல் விழும். கீறல் விழுந்த கழி முழு வளைவில் இரண்டாக முறியலாம். முறியும்போது அதைப் பிடித்திருப்பவர் மூன்று நான்கு மீட்டர் உயரத்தில், தலைகீழாக இருப்பார். கழியைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது வசதிக்கான கோரிக்கை இல்லை, உயிர்ப் பாதுகாப்பு. விமானத்தில் கொண்டுபோகலாம் என்றால், கவுன்ட்டருக்கு வந்த பிறகுதான் ஏற்றுவார்களா மாட்டார்களா என்பது தெரிகிற நிலை. முன்பதிவின்போதே சொன்னாலும், எந்த விமானம் வரும் என்பதும் அது கடைசி நேரத்தில் மாறாது என்பதும் உறுதியில்லை.

எந்த விளையாட்டு எவ்வளவு சுமக்கிறது என்பதை அந்த விளையாட்டின் விதியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆண்களின் ஈட்டி 2.6 முதல் 2.7 மீட்டர், கழியில் பாதிதான். அதோடு பெரிய போட்டிகளில் ஈட்டிகளைப் போட்டி நடத்துபவரே வைத்திருப்பார். தன் ஈட்டியைக் கொண்டு வருபவர் அதைச் சோதனைக்குக் கொடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். பிறரும் அதை எறியலாம். ஆகவே ஈட்டி வந்து சேராவிட்டாலும் வீரர் எறிந்துவிட முடியும். பாய்மரப் படகோட்டத்தில் ஐ.எல்.சி.ஏ. வகைப் படகுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒலிம்பிக்கில் அவற்றை அமைப்பாளர்களே வழங்குகிறார்கள். இந்தியப் படகோட்டிகளான நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் படகைத் தூக்கிக்கொண்டு டோக்கியோவுக்குப் பறக்க வேண்டியிருக்கவில்லை. பயணச் சுமையைக் குறைக்க விளையாட்டுச் சங்கங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுவே: கருவியைப் பொதுவாக்க முடிந்த இடத்தில் பொதுவாக்குவது.

அலைச்சறுக்கில் அது முடியாது. பலகையின் நீளம், கனம், வால் வடிவம் எல்லாம் ஆளுக்கும் அலைக்கும் ஏற்பச் செதுக்கப்படுகின்றன. மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் கற்றுக்கொள்ள வருகிறவர் கரையிலேயே வாடகைப் பலகை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையின் அறுகம் குடாவிலும் வாடகைப் பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது வந்த நாடுகளின் வீரர்கள் வாடகைக் கடையில் போய் நின்றிருக்க முடியாது. பலகையோ மென்மையான பொருள்; நுரை மேல் மெல்லிய கண்ணாடி இழை. முனையும் வாலும் ஓரங்களும் முதலில் அடிபடும். அதனால்தான் அனுபவசாலிகள் துடுப்புகளைக் கழற்றி, முனையிலும் வாலிலும் துணியை அல்லது குமிழ்த் தாளைச் சுற்றி, ஓரங்களுக்குக் குழாய் நுரை போட்டு, இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே பையில் அடைக்கிறார்கள்.

கோல்ஃபுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் உடையும் விதம் அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. விதிப்படி ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். 1930-களின் இறுதியிலிருந்து இதுவே வரம்பு. பையும் பந்தும் காலணியும் சேர்ந்தால் 15 கிலோவைச் சுற்றி வரும். இந்தியாவுக்குள் பெரும்பாலான எகானமி டிக்கெட்டுகளுக்குக் கிடைக்கும் 15 கிலோ சலுகையை மட்டைகளே தின்றுவிடும். துணிமணிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். இரும்பு மட்டைகள் எளிதில் உடையாது. உடைவது டிரைவர், அதுவும் தலையும் தண்டும் சேரும் கழுத்தில். மற்ற மட்டைகளைவிட அதுவே நீளம் என்பதால் பை தலைகீழாக விழுந்தால் மொத்த எடையும் அதன் தலைமேல் இறங்கும். தண்டு கிராஃபைட், நெட்டு வாக்கில் வலுவானது, பக்கவாட்டு அடிக்கு விட்டுக்கொடுத்துவிடும்.

இதற்கு எளிய வைத்தியம் இருக்கிறது. டிரைவரைவிட ஓரிரு அங்குலம் நீளமாக நீட்டிக்கொள்ளும் ஓர் உறுதியான கோலை மட்டைகளின் நடுவில் நிறுத்திவிட வேண்டும். மேலிருந்து வரும் அடியை அது வாங்கிக்கொள்ளும். இன்றைய டிரைவர்களில் பலவற்றின் தலையைச் சிறு திருகியால் கழற்றலாம். கழற்றித் தனியாகத் துணியில் பொதிந்து வைத்தால் கழுத்து முறியும் பேச்சே இல்லை. அந்தத் திருகியையும் பதிவு செய்யும் பைக்குள்ளேயே போட வேண்டும், இல்லாவிட்டால் சோதனைச் சாவடியில் நிற்கும். மட்டைகளுக்கு இடையே துண்டு செருகி, மேற்புறத்தை ஒன்றாகக் கட்டினால் ஒன்றோடொன்று மோதாது. உறை விஷயத்தில் கடினமான பிளாஸ்டிக் கூடா, தடித்த துணி உறையா என்று ஆட்டக்காரர்களிடையே ஓயாத விவாதம். என் கருத்து: மேற்புறத்தில் நல்ல திண்டு தைத்த துணி உறையும் உள்ளே ஒரு கோலும் போதும். கடினக் கூடு பாதுகாப்பில் ஒரு படி மேல்தான். ஆனால் அதன் எடையும் சேர்ந்தால் 23 கிலோவுக்குள் அடங்குவது கடினம், போய் இறங்கிய ஊரில் வாடகை வண்டியின் டிக்கியிலும் நுழையாது. எதில் வைத்தாலும் தொங்கும் வார்களையெல்லாம் உள்ளே தள்ளிவிட வேண்டும். கன்வேயர் பெல்ட்டில் ஒரு வார் சிக்கினால் பையும் கிழியும், பின்னால் வரும் பெட்டிகளும் தேங்கும். நீளப் பைகளைத் தனிக் கவுன்ட்டரில் வாங்கி ஆளே எடுத்துச் செல்லும் முறை பல விமான நிலையங்களில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சைக்கிளுக்கு வேறு கணக்கு. பெடல்களையும் முன்சக்கரத்தையும் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, பின் கியரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டைக் காப்பாற்றும்படி அடைக்க வேண்டும். அந்தத் துண்டு வளைந்தால் பந்தயத்தில் கியர் மாறாது. டயரில் காற்றை இறக்கச் சொல்லும் நிறுவனங்கள் இன்னும் பல. பயணிகள் விமானத்தின் சரக்கறையும் பயணிகள் கூடத்தைப் போலவே காற்றழுத்தம் காக்கப்பட்டது; டயர் வெடித்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை குறைவு. ஆனால் கவுன்ட்டரில் நின்று இயற்பியல் பேசி வெல்ல முடியாது. கொஞ்சம் இறக்கிவிடுவதே நல்லது.

பாதுகாப்பு விதிகளில் மூன்றைச் சொல்லிக் கடக்கலாம். மின்சார கோல்ஃப் தள்ளுவண்டி, மின்சார சைக்கிள் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரி 160 வாட் மணியைத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் அதற்கு இடமில்லை, பெரும்பாலானவை தாண்டும். தூரம் அளக்கும் கருவியின் உபரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். அடுத்து, மட்டை எதுவும் கூடத்துக்குள் வரக் கூடாது. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சிறு கத்திகளோடு இரண்டு கோல்ஃப் மட்டைகளையும் ஹாக்கி மட்டைகளையும் கைப்பயணத்தில் அனுமதிப்பதாக அறிவித்தது; விமானப் பணியாளர் சங்கங்களின் எதிர்ப்பால் ஜூன் மாதமே திரும்பப் பெற்றது. மூன்றாவது மண். நியூசிலாந்துக்குப் போகிறவர் வெளியில் பயன்படுத்திய காலணியையும் விளையாட்டுக் கருவியையும் இறங்கும்போது அறிவித்தாக வேண்டும். கோல்ஃப் காலணியின் ஆணியில் ஒட்டிய மண்ணோடு விதையும் நோய்க் கிருமியும் வரும் என்பது அவர்கள் அச்சம். ஆஸ்திரேலியாவும் அப்படியே. கிளம்புமுன் தேய்த்துக் கழுவி, காயவைத்துவிட்டுப் போகலாம்.

இனிச் சட்டம். 1929 வார்சா உடன்படிக்கை, பெட்டி தொலைந்தாலோ சேதமானாலோ எடைக்கு எடை ஈடு தந்தது: கிலோவுக்கு 250 தங்க ஃபிராங்க். பிற்காலத்தில் நடைமுறையில் அது கிலோவுக்கு 20 டாலரை ஒட்டி நின்றது. 15 கிலோ கோல்ஃப் பைக்கு 300 டாலர். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள கழிக்கு 60 டாலருக்கு மேல் தேறாது. விளையாட்டுக் கருவியில் எடை குறையக் குறைய விலை ஏறும். இழப்பீடோ எடை குறையக் குறைய இறங்கியது. 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை இந்தக் கேட்டை ஒழித்தது. ஈடு இனிப் பயணிக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்தது: பன்னாட்டு நிதியத்தின் எஸ்.டி.ஆர். கணக்கில் முதலில் 1,000. விலைவாசியை ஒட்டி 2009-ல் 1,131, 2019-ல் 1,288, 2024 டிசம்பர் 28 முதல் 1,519. இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,000 டாலர். இந்தியா 2009-ல் இதில் சேர்ந்தது. முன்னேற்றம்தான். ஆனால் நல்ல டிரைவர் ஒன்றே 500, 600 டாலர் விற்கிறது; 14 மட்டையும் பையும் சேர்ந்தால் வரம்பை எளிதில் தாண்டும். பந்தய சைக்கிள் 10,000 டாலருக்கும் போகிறது. உள்நாட்டுப் பயணத்தில் நிலைமை இன்னும் மோசம். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் பயணிகள் உரிமைச் சாசனத்தின்படி உள்நாட்டில் பெட்டிக்கு நிறுவனத்தின் பொறுப்பு 20,000 ரூபாய் வரைதான். தேசியப் போட்டிக்குப் பறக்கும் தாண்டுபவரின் கழிக்கட்டுக்கும் அதே 20,000.

மாண்ட்ரியல் உடன்படிக்கையில் பயணிக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 22-ஆம் பிரிவின்படி, பெட்டியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் தொகை கட்டினால், அறிவித்த மதிப்புவரை நிறுவனம் பொறுப்பேற்கும். இதைக் கவுன்ட்டரில் கேட்பவர் மிகக் குறைவு; கேட்டால் தெரிந்து பதில் சொல்லும் ஊழியரும் குறைவு. அதற்கு மாறாக, பெரும்பாலான விளையாட்டுப் பயணிகள் கையில் கிடைப்பது சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. கையெழுத்துப் போட்டால்தான் பை உள்ளே போகும். போட்டுவிட்டதாலேயே உரிமை போய்விட்டதாக எண்ணி வீடு திரும்புகிறார்கள். அப்படியல்ல. அதே உடன்படிக்கையின் 26-ஆம் பிரிவு, நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது என்கிறது. பொருளின் உள்ளார்ந்த குறையாலோ இயல்பாலோ நேர்ந்த சேதம் என்றால் அந்த அளவுக்கு நிறுவனம் தப்பிக்கலாம், அவ்வளவே. சரியாகப் பொதிந்த டிரைவரின் கழுத்து முறிந்தால் அது மட்டையின் இயல்பு ஆகிவிடாது.

இந்தச் சீட்டுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. ஒரு கருவிக்குத் தனிக் கட்டணம் வாங்குவதன் நியாயம் என்ன? அது தனிக் கவனம் கேட்கிறது என்பது. தனிக் கவனத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, கவனிக்காமல் போனால் பொறுப்பில்லை என்று எழுதி வாங்குவது ஒரே கையில் இரண்டு கூலி.

தொலைவது, தாமதமாவது பற்றியும் சொல்ல வேண்டும். விமானப் போக்குவரத்துத் தொழில்நுட்ப நிறுவனமான சிட்டா வெளியிடும் கணக்குப்படி, 2022-ல் ஆயிரம் பயணிகளுக்கு 7.6 பெட்டிகள் தவறின. 2024-ல் அது 6.3 ஆக இறங்கியது. அதிகம் தவறுவது விமானம் மாறும் இடத்தில். 2022 கோடையில் ஐரோப்பிய விமான நிலையங்களில் ஆள் பற்றாக்குறையால் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸில் 150-ஆவது ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த பருவம் அது. ஸ்காட்லாந்து போன ஆட்டக்காரர்கள், ரசிகர்கள் பலரின் மட்டைகள் வழியிலேயே தங்கின. பைக்குள் சிறு இடங்காட்டியைப் போடும் வழக்கம் அந்த ஆண்டில்தான் பரவியது. இப்போது ஆப்பிள் கருவியின் இருப்பிடத்தைப் பயணி நேரடியாக விமான நிறுவனத்தோடு பகிரலாம். பை இருக்கும் இடம் தெரிவது, பை வந்து சேர்வதற்குச் சமமில்லை. ஆனால் எங்கே தேடுவது என்ற வாதம் அதோடு முடிகிறது.

வேறு வழியே இல்லையா என்று கேட்டால், ஜப்பானைப் பார்க்கலாம். யாமாத்தோ என்ற பார்சல் நிறுவனம் 1976-ல் வீட்டுக்கு வீடு அனுப்பும் சேவையைத் தொடங்கியது. 1983-ல் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் 1984-ல் கோல்ஃப் பைகளுக்கும் தனிச் சேவை வந்தது. ஆட்டக்காரர் ஓரிரு நாள் முன்னதாகப் பையை வீட்டு வாசலிலோ அருகிலிருக்கும் கடையிலோ கொடுத்துவிடுகிறார். அது மைதானத்தில் அவருக்காகக் காத்திருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்ப அனுப்பலாம். விமான நிலையத்துக்கும் அனுப்பலாம். கோல்ஃப் பையோடு நெரிசலான ரயிலில் ஏற வேண்டிய தேவையே அங்கே குறைந்துபோனது. பயணியையும் பையையும் பிரித்துவிட்டதுதான் அந்த ஏற்பாட்டின் வெற்றி. இந்தியாவில் கூரியர் நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீள உருப்படியை நம்பகமான நாள் கணக்கில், மதிப்புக்கு ஏற்ற காப்பீட்டோடு மைதான வாசலில் இறக்கும் சேவை எல்லா ஊர் வீரருக்கும் எட்டும் விலையில் வர வேண்டும். அஞ்சல் துறையோ ரயில்வேயின் பார்சல் பிரிவோ இதை முன்னெடுத்தால் கோல்ஃப் ஆடுபவரைவிட நம் தடகள வீரர்களே அதிகம் பயனடைவார்கள்.

இசைக் கலைஞர்கள் இந்தப் போரில் நமக்கு முன்னே நடந்தவர்கள். 2008-ல் கனடாவின் டேவ் கரோல் என்ற பாடகரின் கிட்டார் விமானத்தில் உடைந்தது. ஈடு கிடைக்காமல் அலைந்த அவர் அடுத்த ஆண்டு அதையே பாட்டாக்கி வெளியிட, உலகமே கேட்டது. பாட்டோடு நிற்காமல் இசைக் கலைஞர் அமைப்புகள் அமெரிக்கக் காங்கிரசைத் தொடர்ந்து நெருக்கின. 2012 விமானப் போக்குவரத்துச் சட்டம் இசைக் கருவிகளுக்குத் தெளிவான உரிமையைத் தந்தது: மேல்தட்டில் இடம் இருந்தால் சிறு கருவியைக் கூடத்தில் ஏற்க வேண்டும், இருக்கைக்குக் காசு கட்டினால் பெரிய கருவியை ஏற்க வேண்டும், சரக்கறைக்கும் அளவு வரம்பைச் சட்டமே சொல்லிவிட்டது. 2015-ல் அதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. விளையாட்டு வீரர்களுக்கு இப்படி ஒரு சட்டம் எங்கும் என் கண்ணில் படவில்லை. காரணம் எளிது: அவர்கள் ஒன்றுகூடிக் கேட்கவில்லை. கோல்ஃப் ஆடுபவர் சலுகையோடு திருப்தியானார். தாண்டுபவர் ஜன்னல் கம்பியில் கழியைக் கட்டிக்கொண்டார்.

இதில் மாற்றுத்திறனாளி வீரர்களின் நிலை தனி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி ஒருவருக்கு இரண்டு நடமாட்டக் கருவிகள்வரை கட்டணமின்றி ஏற்றச் சொல்கிறது. அன்றாடச் சக்கர நாற்காலி அதில் வந்துவிடும். பந்தய நாற்காலியை நடமாட்டக் கருவி என்பதா, விளையாட்டுச் சாமான் என்பதா என்ற கேள்வி வந்தால் கவுன்ட்டரில் இருப்பவர் தனக்குத் தோன்றியதைச் சொல்வார். வீரரின் உடலின் நீட்சியாக இருக்கும் ஒன்றை லக்கேஜ் பட்டியலில் தேடவைப்பது அவமானம். இது எழுத்தில் தெளிவாக வேண்டும்.

நம் நாட்டில் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. எந்த விமான வகையில் எத்தனை மீட்டர் நீளம் ஏறும் என்பதை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவிடலாம். முன்பதிவில் ஏற்றுக்கொண்ட கருவியை விமானம் மாறியதைக் காட்டி மறுத்தால், பயணியை மறுத்ததற்குச் சமமாகக் கருதி ஈடு தரச் செய்யலாம். தனிக் கட்டணம் வாங்கிய உருப்படிக்கு 20,000 ரூபாய் வரம்பு பொருந்தாது என்று விதிக்கலாம். பொறுப்பல்ல என்ற சீட்டுகளைத் தடை செய்யலாம். தடகளச் சங்கம் தன் பங்குக்கு, தேசியப் போட்டிகள் அடிக்கடி நடக்கும் ஊர்களில் கழிக் கிடங்கு ஒன்றை வைத்து, பல எடைக் கழிகளைப் பராமரிக்கலாம். எல்லோருக்கும் அது போதாது, ஆனால் வளரும் பிள்ளைகளுக்குப் போதும்.

அதுவரை, கருவியோடு பறக்கும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது இது. பொதியும்போதே ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். விமானம் மாறும் இடைவெளி மிகக் குறுகிய டிக்கெட்டைத் தவிருங்கள். பை வந்ததும் பெல்ட்டின் அருகிலேயே திறந்து பாருங்கள். உடைந்திருந்தால் பெட்டி வாங்கும் இடத்தை விட்டு வெளியேறுமுன் பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் படிவத்தை வாங்கி நிரப்புங்கள். பன்னாட்டுப் பயணமானால் எழுத்துமூலப் புகார் ஏழு நாளுக்குள் போயாக வேண்டும்; தாமதமாக வந்த பைக்கு, கைக்குக் கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாள். அந்தக் கெடு தாண்டினால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் வழக்கு நிற்காது.